விரால் என்று வாங்கிய குஞ்சு: விராலா, குறவையா?

வயலோடி, மன்னார்குடி

எல்லோருக்கும் வணக்கம். வயலோரம் வெட்டிய பண்ணைக் குட்டையில் விரால் வளர்க்கலாம் என்று போன ஆடியில் குஞ்சு வாங்கி விட்டேன். ஒரே குட்டை, ஒரே தீனி. இப்போது வலை போட்டுப் பார்த்தால் ஒரு பகுதி ஒரு அடியைத் தாண்டிவிட்டது, மற்றவை அரை அடியிலேயே நிற்கின்றன. சின்னவற்றின் உடம்பில் கறுப்புப் புள்ளி இருக்கிறது, ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. குஞ்சு கொடுத்தவர் "எல்லாம் விரால்தான், தீனிப் போட்டியில் சிலது பின்தங்கும்" என்கிறார். பக்கத்து வயல்காரர் "பாதி குறவை கலந்திருக்கு" என்கிறார். யார் சொல்வது சரி என்று மீனை வைத்தே தெரிந்துகொள்ள வழி உண்டா? அடுத்த முறை குஞ்சு இறக்கும்போதே பார்த்து வாங்க வேண்டும், அதற்காகத்தான் கேட்கிறேன்.

தூண்டில்மணி, மேட்டூர்

தம்பி, இதற்கு இவ்வளவு யோசனை வேண்டாம். உடம்பெல்லாம் புள்ளி என்றால் குறவை. வயிறு வெளுத்து, விலாவில் சாய்ந்த பட்டை ஓடினால் விரால். வால் அடியில் கண் மாதிரி வட்டம் இருந்தால் அவுரி. அணையில் வலை போடுகிறவர்கள் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்கள்.

பொருநைக்கரை, அம்பாசமுத்திரம்

மணி அண்ணன் சொல்வது வளர்ந்த மீனுக்குச் சரி. வயலோடி கையில் இருப்பவை பாதி வளர்ந்தவை, அதுவும் குட்டை மீன். விரால் குடும்பத்து மீன்கள் எல்லாமே நிறம் மாறும். கலங்கல் தண்ணீரில் வெளிறிப் போகும். கறுப்புத் தார்ப்பாய் விரித்த தொட்டியில் விட்டால் கறுத்துவிடும். மிரண்டால் பட்டை எடுப்பாகத் தெரியும், செத்தபின் மங்கும். அதனால் நிறத்தைப் பார்த்துச் சந்தேகப்படலாம், முடிவு கட்டக்கூடாது. முடிவுக்கு எண்ணித்தான் ஆக வேண்டும்.

எண்ண வேண்டிய முதல் இடம் முதுகுத் துடுப்பு. இந்தக் குடும்பத்துக்குத் துடுப்பில் கெட்டி முள் கிடையாது, எல்லாம் மெல்லிய கதிர்கள்தான். தலைக்குப் பின்னால் தொடங்கி வால் வரைக்கும் ஒரே நீளமாக ஓடும். விராலுக்கு, அதாவது அறிவியல் பெயரில் சன்னா ஸ்ட்ரையேட்டாவுக்கு, அந்தக் கதிர்கள் 37 முதல் 46 வரை. குறவைக்கு, அதாவது சன்னா பங்டேட்டாவுக்கு, 28 முதல் 33 வரை. நடுவில் சில எண்கள் காலியாகவே கிடக்கின்றன பாருங்கள், அதுதான் நமக்கு வசதி. 31 வந்தால் குறவை, 41 வந்தால் விரால், வாதத்துக்கே இடமில்லை. மீன் வளர்ந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. விரலளவு குஞ்சில் இருக்கும் அதே எண்ணிக்கைதான் கிலோ மீனிலும் இருக்கும். உங்கள் தேவைக்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

இரண்டாவது, பக்கக் கோட்டுச் செதில்கள். விலாவில் தலையிலிருந்து வால் வரை சின்னத் துளைகளோடு ஒரு கோடு போகும், நடுவில் ஓரிடத்தில் கீழே இறங்கும். அந்தக் கோட்டில் விராலுக்கு 50 முதல் 57 செதில், குறவைக்கு 37 முதல் 40. இதிலும் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுவதில்லை.

மூன்றாவது கன்னம். கண்ணுக்கும் செவுள் மூடியின் முன் ஓரத்து மூலைக்கும் நடுவில் எத்தனை செதில் வரிசை என்று பாருங்கள். விராலுக்கு ஒன்பது, பத்து வரும். குறவைக்கு ஐந்துதான். குறவையின் கன்னத்தில் செதில்கள் பெரிது பெரிதாக இருப்பதால் முகமே முரடாகத் தெரியும். சந்தையில் வெட்டுவதற்கு முன்னால் கடையில் நின்றபடியே இதைப் பார்க்கலாம்.

இரண்டுக்கும் 1793-இல் ஒரே ஆள்தான் பெயர் வைத்தார், பெர்லினில் இருந்த மீன் ஆய்வாளர் பிளாக். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற மிஷனரி தென்னிந்திய மீன்கள் பலவற்றை அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். குறவையை விவரித்தபோது அது சோழமண்டலக் கரையின் ஆறு, ஏரிகளில் கிடைப்பது என்றே எழுதினார். ஆக மன்னார்குடிக்காரர் கேட்கும் கேள்விக்கு உரிய மீன் அந்தப் பக்கத்து மீனேதான்.

வயலோடி, மன்னார்குடி

ரொம்ப நன்றி ஐயா. ஆனால் உயிருள்ள விராலின் துடுப்பை விரித்து 40 கதிர் எண்ணுவது எப்படி? கையில் நிற்கவே நிற்காது, வழுக்கிக்கொண்டு ஓடும்.

செங்கழுநீர், தூத்துக்குடி

அண்ணா, நான் மீன்வளம் படிக்கிறேன். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த வழியைச் சொல்கிறேன். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கவரில் மீன் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, ஒரு குஞ்சை உள்ளே விட்டு, கவரை மெல்லச் சாய்த்து மீனை ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஓரத்தில் ஒதுங்கினால் அசையாமல் நிற்கும், துடுப்பும் விரியும். வெளிச்சம் மீனுக்குப் பின்னாலிருந்து வர வேண்டும். அப்படி வைத்து போனில் நான்கைந்து படம் எடுத்துவிட்டு மீனை உடனே விட்டுவிடுங்கள். படத்தைப் பெரிதாக்கி நிதானமாக எண்ணலாம். கடைசிக் கதிர் இரண்டாகப் பிளந்து அடியில் ஒட்டியிருக்கும், அதை ஒன்றாகவே எண்ண வேண்டும். ஒன்றிரண்டு பிசகினாலும் பரவாயில்லை, விராலுக்கும் குறவைக்கும் இடைவெளி அவ்வளவு இருக்கிறது.

பெரிய மீன் என்றால் ஈரத்துணியால் தலையையும் கண்ணையும் மூடிப் பிடித்தால் அடங்கும். இவை மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன்கள், தலைக்குள் அதற்கென்றே ஓர் உறுப்பு இருக்கிறது. கொஞ்ச நேரம் வெளியில் இருந்தால் சாகாது. ஆனால் உடம்பு காயக்கூடாது, கைச்சூடு பட்டு மேல்வழுவழுப்பு போய்விடக்கூடாது. அது போன இடத்தில்தான் புண் பிடிக்கும்.

தூண்டில்மணி, மேட்டூர்

நான் சொன்னதில் என்ன குறை என்று இன்னும் புரியவில்லை. ஆற்றில் இறங்குகிறவன் கதிர் எண்ணிக்கொண்டா இருப்பான்? மீன் எங்கே கிடைத்தது என்பதே பாதி விடை. நெல் வயல், சேறு, ஏரிக்கரைக் கோரை என்றால் விரால். ஆற்று மடுவில், பாறை இடுக்கில், ஆழத்தில் கிடந்தால் அவுரி. தேங்கின குழி, ஓடை, சாக்கடை ஓரம்கூடக் குறவைக்குப் போதும். குஞ்சைப் பார்த்தாலும் தெரியும். விரால் குஞ்சு சிவப்பாகக் கொத்தாக மேலே மிதக்கும், கீழே பெரிய மீன் காவல் நிற்கும்.

பொருநைக்கரை, அம்பாசமுத்திரம்

அண்ணே, நீங்கள் சொன்ன இடக்கணக்கு பெரிய உதவி, அதை நான் மறுக்கவே இல்லை. குஞ்சுக் கொத்தைப் பற்றிச் சொன்னதும் சரி. ஆனால் குஞ்சு பாலிதீன் பையில் வண்டியில் வந்து இறங்கும்போது அந்த விடை கையை விட்டுப் போய்விடுகிறது. எந்தக் குளம், எந்த மாவட்டம், வலையில் வந்ததா பொரித்து எடுத்ததா, ஒன்றும் தெரியாது. குளத்தில் வாரிய குஞ்சாக இருந்தால் குறவையும் சேர்ந்து வரத்தான் செய்யும், இரண்டும் ஒரே தண்ணீரில் இருப்பவை. சிவப்பும் விரலளவு வளர்வதற்குள் போய்விடும். அந்த வயதில் விராலும் பழுப்பு, குறவையும் பழுப்பு. இடம் தெரியாத மீனுக்கு உடம்பு மட்டும்தான் சாட்சி.

கோதையாறு, நாகர்கோவில்

இழையைத் திசை திருப்புவதாக நினைக்க வேண்டாம், எனக்கும் இதே சந்தேகம். எங்கள் ஊர்க் குளத்தில் பிடித்த ஒரு சாண் மீனில் கண் வட்டம் இருந்தது. அவுரிக் குஞ்சு என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் விலாவில் சாய்ந்த பட்டையும் இருந்தது. படம் இணைத்திருக்கிறேன்.

செங்கழுநீர், தூத்துக்குடி

படத்தைப் பார்த்தேன் அண்ணா. வட்டம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வாலில் இல்லை, முதுகுத் துடுப்பின் கடைசியில் இருக்கிறது. இளம் விராலுக்கு அங்கே கறுப்பு வட்டம் வரும், வளர வளர மறையும். அவுரிக்கு, அதாவது சன்னா மருலியஸுக்கு, வட்டம் வால் துடுப்பின் அடியில், மேல் பாதியில் இருக்கும். கறுப்பைச் சுற்றி வெளிர் நிறத்திலோ ஆரஞ்சிலோ வளையம் போட்டிருக்கும். அவுரி வளர்ந்தால் விலாவில் பெரிய கரும்பட்டைகளும், செதில்களில் முத்துப் புள்ளிகளும் வரும். பூ விரால் என்று சில ஊர்களில் சொல்வது அதனால்தான் இருக்கும். குஞ்சாக இருக்கும்போது விலாவில் நீளவாட்டில் ஆரஞ்சுக் கோடு ஓடும்.

உங்கள் படத்தில் கதிர் எண்ணினேன், 42 வருகிறது. அவுரிக்கு 45-லிருந்து 55 வரை. ஒருவேளை 45, 46 என்று வந்திருந்தால் கதிரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, இரண்டுக்கும் அந்த எண்கள் பொது. அப்போது பக்கக் கோட்டுச் செதிலுக்குப் போக வேண்டும். விரால் 57-க்குள் நிற்கும், அவுரி 60-க்கு மேல், 70 வரை போகும். உங்களுடையது இளம் விரால்.

பொருநைக்கரை, அம்பாசமுத்திரம்

நல்ல விடை அம்மா. நாகர்கோவில்காரர் மலைக்கு அந்தப் பக்கம் போகிறவராக இருந்தால் இன்னும் இரண்டு செய்தி. கேரளத்து ஆறுகளில் அவுரி மாதிரியே இருக்கும் மீனை மருலியஸ் என்றே வெகுகாலம் எழுதி வந்தார்கள். குந்தர் 1861-இல் வைத்த சன்னா சூடோமருலியஸ் என்ற பெயரை 2017-இல் ஆய்வாளர்கள் மீட்டு, அது தனி இனம் என்று காட்டினார்கள். அதேபோல் கேரளத்தில் பெரிதாக வளரும் இன்னொன்று உண்டு. இளமையில் விலாவில் இரண்டு கறுப்புக் கோடுகளும் நடுவில் ஆரஞ்சுச் சிவப்பும் இருக்கும். அதற்கு பிரான்சிஸ் டே 1865-இல் கொச்சி மீனை வைத்து சன்னா டிப்ளோகிராமா என்று பெயரிட்டார். பின்னால் தென்கிழக்கு ஆசியாவின் மைக்ரோபெல்டஸ் இனத்தோடு அதைச் சேர்த்துவிட்டார்கள். 2011-இல்தான் மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு மறுபடி பிரித்தார்கள். நூறு ஆண்டுக்கும் மேலாக ஒரு மீன் தன் பெயரில்லாமல் நீந்தியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் வாழும் மீன் அது. பரவலாகக் கிடைக்கும் இனத்தோடு சேர்த்து எழுதிக்கொண்டிருந்தவரை அதைக் காக்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை.

மட்டுவாவி, மட்டக்களப்பு

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் உள்ள பெரிய வட்டக்கண் மீனும் இப்போது மருலியஸ் இல்லை. தெரணியகல 1945-இல் வைத்த ஆரா என்ற பெயரிலேயே, சன்னா ஆரா என்று தனி இனமாகச் சொல்கிறார்கள். மகாவலிப் பக்கம் இருக்கிறது.

நான் கேட்க வந்தது சின்ன மீனைப் பற்றி. ஓடைகளில் கையளவுக்கு வளரும் மீன், மார்புத் துடுப்பில் வளைவு வளைவாகப் பட்டை இருக்கும். பழைய புத்தகத்தில் காச்சுவா என்று இருக்கிறது, வேறொன்றில் ஓரியன்டாலிஸ் என்று இருக்கிறது. எது சரி? குறவைக் குஞ்சிலிருந்து அதை எப்படிப் பிரிப்பது?

பொருநைக்கரை, அம்பாசமுத்திரம்

இந்தக் குடும்பத்தில் ரொம்பச் சிக்கிக் கிடந்த இடத்துக்கே வந்துவிட்டீர்கள். மீனைத் திருப்பி வயிற்றுப் பக்கம் பாருங்கள். மார்புத் துடுப்புக்குக் கீழே வயிற்றில் ஒரு ஜோடி சிறு துடுப்பு இருக்கிறதா? இல்லவே இல்லை என்றால் சன்னா ஓரியன்டாலிஸ். அது இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில் மட்டும் வாழ்வது. மட்டக்களப்புப் பக்கம் அதை எதிர்பார்க்க வேண்டாம். இந்தியப் புத்தகங்கள் சிலவற்றில் நம் மலையோடை மீனுக்கும் ஓரியன்டாலிஸ் என்று போட்டிருப்பார்கள், அது பழைய குழப்பம்.

வயிற்றுத் துடுப்பு இருந்தால் இவ்வளவு நாள் காச்சுவா என்று சொல்லி வந்தோம். காச்சுவா என்ற பெயர் ஹாமில்டன் 1822-இல் வங்காளத்துக் குளம் குட்டை மீனுக்கு வைத்தது. வங்காளத்து மீனும் நம்முடையதும் ஒன்றா என்று இலங்கை ஆய்வாளர்களும் வெளிநாட்டவரும் சேர்ந்து பார்த்து, 2020-இல் இல்லை என்று சொன்னார்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவின் தென்பகுதியிலும் இருப்பதற்கு இப்போது சன்னா கெலார்ட்டியை என்று பெயர். அதுவும் குந்தர் 1861-இல் வைத்துத் தூங்கிக்கிடந்த பெயர்தான். இலங்கையில் வாழ்ந்த மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான கெலார்ட்டின் நினைவாக வைத்தது. எங்கள் மலையடிவாரத்து ஓடைகளில் பாறைக் குறவை என்று சொல்வது இந்தக் கூட்டத்து மீனைத்தான்.

குறவையிலிருந்து பிரிக்கக் கதிரை நம்ப வேண்டாம். பாறைக் குறவைக்கு 32-லிருந்து 37 வரை நூல்களில் உண்டு, 32, 33-இல் இரண்டும் மோதும். மூன்று இடம் பாருங்கள். வயிற்றுத் துடுப்பு மார்புத் துடுப்பில் பாதிகூட இல்லாமல் குட்டையாக இருந்தால் பாறைக் குறவை, முக்கால் பங்கு நீளம் இருந்தால் குறவை. கீழ்த்தாடையின் அடியில் பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ பெரிய செதில் தனியாகப் பளிச்சென்று தெரிந்தால் பாறைக் குறவை. மார்புத் துடுப்பில் நீங்கள் சொன்ன வளைவுப் பட்டைகளும் அதற்குத்தான். இன்னொரு வேறுபாடு நடத்தையில். காச்சுவா கூட்டத்தில் தகப்பன் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும். விராலும் குறவையும் அப்படி வாயில் வைப்பதில்லை, கூட நின்று காவல் காக்கும்.

மட்டுவாவி, மட்டக்களப்பு

இப்போதே தொட்டியில் இருந்ததைப் பார்த்தேன். வயிற்றுத் துடுப்பு உண்டு, மிகவும் குட்டை. தாடைச் செதிலும் தெரிகிறது. மிக்க நன்றி.

கண்மாய்க்கரை, சிவகங்கை

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். குழம்பில் போட்டால் எல்லாம் ஒன்றுதானே? பெயர் மாறுவதால் யாருக்கு என்ன லாபம்? ஆராய்ச்சிக்காரர்கள் பத்து வருடத்துக்கு ஒருமுறை பெயரை மாற்றுவார்கள், நாம் அதன் பின்னாலேயே ஓட வேண்டுமா?

செங்கழுநீர், தூத்துக்குடி

ஐயா, வயலோடி அண்ணனின் நிலைமையையே எடுத்துக்கொள்ளுங்கள். விரால் ஒரு கிலோவை எளிதாகத் தொடும், மீட்டர் நீளம் வரைகூடப் போகும் இனம் அது. குறவைக்கு ஒரு அடிதான் உச்சம், கால் கிலோவைத் தாண்டுவதே அரிது. விரால் விலைக்குக் குஞ்சு வாங்கி, விராலுக்கு உண்டான தீனி போட்டு, கடைசியில் குறவை எடுத்தால் நஷ்டம் அவருக்குத்தான்.

பணத்தை விடுங்கள். ஓர் ஆற்றில் மட்டும் வாழும் மீனை வேறொரு மீன் என்று நினைத்தால், அது குறைகிறதா என்று யாரும் கவனிக்க மாட்டார்கள். வெளியூர்க் குஞ்சை அதே இனம்தானே என்று ஆற்றில் விடுவார்கள். விரால் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதிலேயே இந்திய மீனுக்கும் தென்கிழக்கு ஆசிய மீனுக்கும் மரபணுவில் நல்ல வித்தியாசம் தெரிகிறது. பெயர் மாறும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் ஓடையில் இறங்கி, மீனைக் கையில் எடுத்து, எண்ணிப் பார்த்திருக்கிறார். எனக்கு அது வீண் வேலையாகத் தெரியவில்லை.

தூண்டில்மணி, மேட்டூர்

பாப்பா சொல்வது நியாயம். நேற்று வந்த அவுரியில் கன்ன வரிசை எண்ணிப் பார்த்தேன், பத்து இருந்தது. பக்கத்தில் கிடந்த குறவையில் ஐந்தேதான். கன்னத்தைப் பார்ப்பது கடையில் நிற்கிறவர்களுக்கு நல்ல வழி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விராலையும் அவுரியையும் அதை வைத்துப் பிரிக்க முடியாது, இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. அங்கே வால் வட்டமும் இடமும்தான் உதவும். பெரிய அவுரியில் சிலவற்றில் வட்டம் மங்கிப்போயிருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வயலோடி, மன்னார்குடி

எண்ணிவிட்டேன். கவர் முறை நன்றாக வேலை செய்தது. பெரியவை எல்லாம் 40-ஐச் சுற்றி வருகின்றன. சின்னவற்றில் புள்ளி உள்ளவை 30, 31, கன்னத்தில் ஐந்து வரிசை. ஆக அவை குறவைதான். புள்ளி இல்லாத சின்னவற்றில் கொஞ்சம் 41, 42 என்று வந்தன, அவை பின்தங்கிய விரால். குஞ்சு கொடுத்தவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை, பக்கத்து வயல்காரர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை. படங்களோடு போய் அவரிடம் பேசினேன், அடுத்த தடவை என் முன்னாலேயே கவரில் போட்டுப் பார்த்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். இப்போது குட்டையில் இருக்கும் குறவையை என்ன செய்வது?

பொருநைக்கரை, அம்பாசமுத்திரம்

தூக்கி எறிய வேண்டாம், குறவையும் நம் ஊர் மீன், ருசியான மீன். ஆற்றிலோ ஏரியிலோ கொண்டுபோய் விடவும் வேண்டாம். எங்கிருந்து வந்த குஞ்சு என்று தெரியாது, நோயும் கூடவே போகும். வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சமைக்கக் கொடுங்கள். பின்தங்கிய விராலை மட்டும் வேறு தொட்டிக்கோ வலைக்கூண்டுக்கோ உடனே மாற்றுங்கள், இல்லையென்றால் பெரிய விராலே அவற்றைத் தின்றுவிடும். இனிமேலும் அளவு பார்த்து அடிக்கடி பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அறுவடை முடிந்து குட்டையை வற்ற வைக்கும்போது கவனம். தண்ணீர் போய்விட்டது என்று அடுத்த குஞ்சை இறக்கிவிடாதீர்கள். இவை சேற்றுக்குள் புதைந்து வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும், ஈரம் இருந்தால் வரப்பேறியும் போகும். சேற்றைக் கிளறி, கையால் துழாவி எடுத்து, தரை வெடிக்கும்வரை காயவிடுங்கள். சுற்றிலும் வலை வேலியைச் சரிபார்த்த பிறகு தண்ணீர் விடுங்கள்.